வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தும் கணவர் விலகியே இருக்கிறார், என்ன செய்வது?

புலரி எழுதியது:

எனக்குத் திருமணமாகி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. என் கணவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது, எனக்கு இல்லை. திருமணப் பேச்சு தொடங்கிய நாட்களிலேயே அவர் இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தம் மருத்துவரிடம் என்னை அழைத்துச் சென்று, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். எல்லாம் தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன், அதில் எனக்கு இன்றுவரை எந்த மனக்குறையும் இல்லை. அவர் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் சாப்பிட்டு வருகிறார். ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் வைரல் லோடு பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருப்பதாகத்தான் தொடர்ந்து முடிவு வருகிறது. இந்த நிலையில் உடலுறவின் வழியாக எனக்குத் தொற்று வராது என்று மருத்துவர் எங்கள் இருவரிடமும் சொன்னார்.

அதை நான் நம்பிவிட்டேன். அவரால் நம்ப முடியவில்லை. ஈறில் சிறிது ரத்தம் கசிந்தால் அன்று முழுவதும் முத்தமிட மாட்டார். ஆணுறை இல்லாமல் நெருங்குவதே கிடையாது. உறவு முடிந்த பிறகும் அதைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று, தண்ணீர் நிரப்பி, விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, எங்காவது கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வருகிறார். நான் பரிசோதனைக்குப் போகும் வாரத்தில் அவருக்கு உறக்கம் பிடிப்பதில்லை. நெகடிவ் என்று வந்தாலும் அந்த நிம்மதி நாலைந்து நாளைக்கு மேல் தங்குவதில்லை. இப்போது மெல்ல மெல்ல நெருக்கமே குறைந்துகொண்டு வருகிறது. எனக்குப் பயமில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், "உனக்குத் தெரியாது" என்று பேச்சை முடித்துவிடுகிறார்.

எனக்கு மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். தொற்று வராது என்று சொல்லப்படுவது எந்த அளவுக்கு உறுதியானது? எச்.ஐ.வி. வராமல் தடுக்கத் தொற்று இல்லாதவர்கள் முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மாத்திரையை நானும் எடுத்துக்கொண்டால் நல்லதா, தேவையற்ற மருந்தாகிவிடுமா? குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறோம், அதற்கு என்ன வழி? எல்லாவற்றையும்விட, இந்த அச்சத்திலிருந்து அவரை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணோக்கி எழுதியது:

தோழி, தொற்றுநோய்ச் சிகிச்சையில் பணியாற்றுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். மருத்துவர் உங்களிடம் சொன்னது ஆறுதல் வார்த்தை அன்று. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத ஆயிரக்கணக்கான இணையர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து எட்டப்பட்ட முடிவு அது.

2008இல் சுவிட்சர்லாந்தின் எய்ட்ஸ் ஆணையம் இதே கருத்தை வெளியிட்டபோது பலர் அதை அவசரமான பேச்சு என்று கண்டித்தார்கள். 2011இல், ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 1,763 இணையர்கள் பங்கேற்ற எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வின் முடிவு வந்தது. சிகிச்சையை உடனே தொடங்கியவர்களிடமிருந்து துணைவருக்குத் தொற்று பரவுவது, தாமதமாகத் தொடங்கியவர்களோடு ஒப்பிடும்போது 96 விழுக்காடு குறைந்திருந்தது. மீதமுள்ள நாலு விழுக்காடு ஆபத்து என்று இதை வாசித்துவிடக் கூடாது. மருந்து வேலை செய்து வைரஸ் முழுமையாக அடங்குவதற்கு முன்போ, மருந்து பலனளிக்காமல் போன நிலையிலோ நேர்ந்தவையும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. வைரஸ் நிலையாக அடங்கியிருந்தவர்களிடமிருந்து துணைவருக்குப் பரவியதாக ஒன்றுகூட இல்லை.

அதன்பின் ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அதில் பங்கேற்றவர்கள் ஆணுறை பயன்படுத்தாதவர்கள். 2016இல் வெளியான முதற்கட்டத்தில் ஏறத்தாழ 58,000 முறையும், ஆண்-ஆண் இணையர்களை மட்டும் கொண்டு 2019இல் வெளியான இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழ 76,000 முறையும் ஆணுறையின்றி உறவு நடந்திருந்தது. துணைவரிடமிருந்து தொற்றியவர் எண்ணிக்கை இரண்டிலும் பூஜ்யம். இரண்டாம் கட்டத்தில் 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வரத்தான் செய்தது. ஆனால் அவர்கள் உடலில் இருந்த வைரஸின் மரபணு வரிசையைத் துணைவருடைய வைரஸோடு ஒப்பிட்டபோது ஒன்றுகூடப் பொருந்தவில்லை, அதாவது அவை வெளியிலிருந்து வந்தவை. இவ்வளவு நுணுக்கமாகச் சரிபார்க்கப்பட்டது என்பதை உங்கள் கணவரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள். அச்சம் மிகுந்தவர்கள் சுருக்கமான உறுதிமொழியை நம்புவதில்லை, எப்படிச் சோதித்தார்கள் என்று தெரிந்தால்தான் சற்று இளகுகிறார்கள்.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. மருந்து வைரஸை உடலிலிருந்து வேரோடு அகற்றுவதில்லை. அது பெருகுவதைத்தான் தடுக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே அளவு ஏறிவிடும். புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்கள் ஆறு மாதம் ஆகி, பரிசோதனையிலும் அடங்கியது உறுதியான பிறகே இதை நம்பி நடக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் 200 பிரதிகளுக்குக் கீழ் இருந்தால் உடலுறவில் பரவாது என்பதே பொதுவான வரம்பு. மேலும் இந்த உறுதி உடலுறவுக்கு உரியது. ஊசியைப் பகிர்ந்துகொள்வதற்கு இதை நீட்டிப் பொருள் கொள்ளக் கூடாது. சவரக் கத்தியைப் பகிராமல் இருப்பது எல்லாத் தம்பதியருக்கும் நல்லதுதான், மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களும் அந்த வழியில் வரக்கூடும்.

எச்சிலால் எச்.ஐ.வி. பரவுவதில்லை. வைரஸ் அடங்கிய ஒருவர் ஈறில் கசிந்த துளி ரத்தத்துக்காக முத்தத்தை மறுப்பதற்கு மருத்துவத்தில் எந்தக் காரணமும் இல்லை. பல் மருத்துவரைப் பார்ப்பதற்கு வேண்டுமானால் அது ஒரு காரணம்.

குழந்தையைப் பொறுத்தவரை உங்கள் நிலை எளிதானது. தந்தையிடமிருந்து குழந்தைக்கு நேரடியாகத் தொற்று போவதில்லை. தாய்க்குத் தொற்றினால் மட்டுமே குழந்தைக்கு வரும். ஆகவே உங்களுக்கு வராத வரை குழந்தைக்கும் வராது. முன்பு விந்தணுவைக் கழுவிப் பிரித்தெடுத்துச் செலுத்தும் முறையை நாடினார்கள். இன்று வைரஸ் அடங்கியிருக்கும்போது இயல்பான உறவின் மூலமே கருத்தரிக்கலாம்.

கார்முகில் எழுதியது:

சகோதரி, நான் உங்கள் கணவருடைய இடத்தில் இருப்பவன். மேலே உள்ள ஆய்வுகள் அனைத்தையும் அவரும் படித்திருக்கக்கூடும், நானும் படித்திருந்தேன். தெரியாததால் வரும் அச்சம் இது அன்று.

தொற்று உறுதியான அன்று ஆலோசகர் எங்களில் பலரிடம் சொல்வது, "இனி உங்களால் வேறு யாருக்கும் பரவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது. சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் வாழ்க்கையே இடிந்து கிடக்கும் நேரத்தில் காதில் விழும் அந்த ஒரு வாக்கியம், பிற்பாடு எத்தனை நல்ல செய்தி வந்தாலும் அழியாமல் உள்ளே கிடக்கிறது. வைரல் லோடு முடிவு ரத்தத்தைப் பற்றிச் சொல்கிறது. அந்த வாக்கியமோ, நீ ஆபத்தானவன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆணுறையில் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பவர் கிழிசலைத் தேடவில்லை, தாம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்பதற்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சாட்சியைத் தேடுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

"எனக்குப் பயமில்லை" என்று நீங்கள் சொல்வது அவரை அமைதிப்படுத்தும் என்று நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில் அது எதிர்மாறாக வேலை செய்யும். இவள் கவலைப்படுவதில்லை, அப்படியானால் இவளுக்கும் சேர்த்து நான்தான் காவல் நிற்க வேண்டும் என்று மனம் கணக்குப் போடும். என் துணைவி அப்படிச் சொல்வதை விட்டுவிட்டு, "என் உடம்பை நான் பார்த்துக்கொள்வேன், அதற்கு என்னென்ன செய்கிறேன் என்று சொல்கிறேன்" என்று பேசத் தொடங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. தன் பரிசோதனை எப்போது என்பதை அவள் முடிவு செய்தாள். என் வைரல் லோடு முடிவை இருவரும் சேர்ந்தே வாங்கப் போனோம். உறையை அவளே பிரித்து, எண்ணை வாசித்து, மருத்துவரிடம் கேள்வியும் கேட்டாள். காவல் பொறுப்பு இரண்டு பேருக்குப் பங்கிடப்பட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு பள்ளமும் இருக்கிறது, அதில் விழுந்துவிடாதீர்கள். ஒவ்வோர் இரவும் "மாத்திரை போட்டாச்சா" என்று கேட்பது, டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்ப்பது, பயணத்தின்போது தொலைபேசியில் நினைவூட்டுவது ஆகியவை எல்லாம் அக்கறையில் தொடங்கி மேற்பார்வையில் முடியும். பல ஆண்டுகளாகத் தாமாகவே ஒழுங்காகச் சாப்பிட்டு வருபவரிடம் அதைக் கேட்பது, உங்கள் மீது எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

ஆணுறையை விட்டுவிடும்படி வற்புறுத்தவும் வேண்டாம். முதலில் அந்தத் தண்ணீர்ச் சோதனையை மட்டும் நிறுத்தும்படி கேளுங்கள். உறவின்போது ஆணுறை கிழிந்தால் பெரும்பாலும் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும், அதற்குக் குளியலறைச் சோதனை தேவையில்லை. பிறகு முத்தம். அது பழகிய பின் மற்றவற்றைப் பேசலாம். அவர் கடைசிவரை ஆணுறையோடுதான் நிம்மதியாக இருப்பார் என்றால் அதிலும் குறையில்லை. அச்சத்தால் அணிவதும் விருப்பத்தால் அணிவதும் படுக்கையில் ஒன்றாக இருப்பதில்லை.

நெடுவழி எழுதியது:

மேலே எழுதியிருப்பவர்கள் பொறுப்பில்லாமல் பேசுவதாகத் தோன்றுகிறது. ஆய்வு என்ன சொன்னாலும் அது ஒரு கொடிய வைரஸ். ஒரு நாள் மாத்திரை மறந்துபோனால், பரிசோதனைக் கூடம் தவறான முடிவு தந்தால் யார் பொறுப்பு? அந்தக் கணவர் செய்வதுதான் சரி. ஆணுறை இல்லாமல் இருக்கலாம் என்று பொதுவெளியில் எழுதுவதே ஆபத்தானது என்பது என் கருத்து.

நுண்ணோக்கி எழுதியது:

நெடுவழி அவர்களுக்கு: ஒரு நாள் மறந்தால் வைரஸ் மறுநாளே பொங்கி எழுவதில்லை. ஒழுங்காகச் சாப்பிடுபவரின் ரத்தத்தில் மருந்தின் அளவு ஒரு வேளை தவறியதைத் தாங்கிக்கொள்ளும். அடுத்தடுத்துப் பல நாட்கள் விடுபடுவதுதான் சிக்கல், அப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்லி மறுபடி அளவு பார்க்கும்வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். துணைவருக்கு வைரஸ் அடங்காத நிலையில் ஆணுறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் பெப் என்னும் அவசரத் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிடும் வழியும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமே 2023இல், மருந்தை முறைப்படி எடுத்து வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருப்பவர்களிடமிருந்து உடலுறவில் பரவும் ஆபத்து பூஜ்யம் என்று அறிவித்துவிட்டது. ஆகவே இதைப் பொதுவெளியில் எழுதுவது ஆபத்து அன்று. எழுதாமல் விடுவதால்தான் மருந்து சாப்பிட்டும் பலனில்லை என்று சிலர் சிகிச்சையைக் கைவிடுகிறார்கள்.

ஆணுறைக்கு அதற்கே உரிய வேலைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. எச்.ஐ.வி. மருந்து மேகப்புண்ணையோ வெட்டை நோயையோ தடுக்காது, கருத்தரிப்பையும் தடுக்காது. இருவரில் எவருக்காவது வேறு துணை இருந்தால், அல்லது இப்போது குழந்தை வேண்டாம் என்றால் ஆணுறை நல்ல தேர்வு. வைரல் லோடு இன்னும் அடங்காதவர்களுக்கு அது கட்டாயம். லேட்டக்ஸ் ஆணுறையோடு எண்ணெயோ வாசலினோ சேர்ந்தால் அது நைந்து கிழியும், தண்ணீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான வழுக்கு களிம்பையே பயன்படுத்த வேண்டும். பாதுகாப்பு கூடும் என்று நினைத்து இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிபவர்களும் இருக்கிறார்கள். உராய்வில் அவை கிழியக்கூடும்.

வேரடி எழுதியது:

புலரி, நானும் உங்களைப் போலத் தொற்று இல்லாத மனைவிதான். பிரெப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் தரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் சேர்ந்து வாழத் தொடங்கியபோது என் கணவர் சிகிச்சை ஆரம்பித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன, வைரஸ் இன்னும் அடங்கவில்லை. அந்த இடைவெளியைக் கடக்க மருத்துவர் எனக்கு பிரெப் கொடுத்தார். கென்யாவிலும் உகாண்டாவிலும் இணையர்களிடையே இதே முறையில், அதாவது தொற்று உள்ளவர் ஏ.ஆர்.டி.யில் ஆறு மாதம் நிலைபெறும்வரை மற்றவர் பிரெப் எடுத்துக்கொள்ளும்படி செய்து பார்த்து, மிக நல்ல பலன் கிடைத்ததாக அவர் விளக்கினார். என் கணவருக்கு வைரஸ் அடங்கிய பிறகு மருத்துவக் கணக்குப்படி எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனாலும் கருத்தரிக்க முயன்ற காலம் முழுவதும் நான் நிறுத்தவில்லை. காரணம் என் அச்சம் இல்லை, அவருடையது. கார்முகில் சொன்ன காவல் பங்கீடு எங்கள் வீட்டில் அந்த மாத்திரையின் வடிவில்தான் வந்தது. எனக்கென்று ஒரு டப்பா, அவருக்கென்று ஒரு டப்பா, இரண்டும் ஒரே அலமாரியில். மகள் பிறந்தபோது எனக்கும் தொற்று இல்லை, அவளுக்கும் இல்லை.

எடுத்துக்கொள்ள முடிவு செய்தால் சிலவற்றைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். தொடங்குமுன் எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும், சிறுநீரகத்தையும் ஹெப்படைட்டிஸ் பி (மஞ்சள் காமாலை பி) தொற்றையும் பார்க்க வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி இருப்பவர் இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பக்கூடும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். பெண்களுக்குத் தினமும் சாப்பிடும் முறைதான். முழுப் பாதுகாப்பு வர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும் என்று எனக்குச் சொன்னார்கள். முதல் சில வாரங்களில் குமட்டல் வரலாம், எனக்கு வந்தது, தானாகவே போய்விட்டது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் போடும் ஊசிகள்கூட வந்துவிட்டன, ஆனால் அவை எல்லா இடங்களிலும் இன்னும் எளிதாகக் கிடைப்பதில்லை.

இன்னொன்று. இதை யாரிடம் சொல்வது என்பது அவருடைய முடிவு. "ஏன் இன்னும் குழந்தை இல்லை" என்று உறவினர்கள் நச்சரிக்கும்போது உண்மையைச் சொல்லி வாயடைக்க வேண்டும் என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு. சொல்லவில்லை.

புலரி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கார்முகில் அண்ணன் எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு தாமாகவே ஒரு விஷயத்தைச் சொன்னார். திருமணத்துக்குச் சற்று முன்பு ஒரு பரிசோதனையில் வைரஸ் அளவு 64 என்று வந்ததாம். அடுத்த பரிசோதனையில் மறுபடி கண்டறிய முடியாத நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் ஒரு முறை ஏறியது மறுபடியும் ஏறாதா, அன்று நாம் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இத்தனை நாளும் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கேள்வி. அவர் டொலுடெகிராவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். அந்தக் காலத்தில் வயிற்றெரிச்சலுக்காக ஆன்டாசிட் குடித்து வந்ததாகவும் நினைவிருக்கிறது என்கிறார். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா? அடுத்த முறை அவரோடு நானும் போகப் போகிறேன், பிரெப் பற்றியும் அங்கேயே கேட்பேன்.

நுண்ணோக்கி எழுதியது:

64 என்பது 200 என்ற வரம்புக்கு வெகு கீழே உள்ள எண். நன்றாக மருந்து சாப்பிடுபவர்களுக்கும் எப்போதாவது இப்படிச் சற்று ஏறி இறங்குவது உண்டு, இதைச் சிகிச்சைத் தோல்வி என்று எவரும் கருதுவதில்லை. அன்று நீங்கள் ஆணுறையின்றிச் சேர்ந்திருந்தாலும் உங்களுக்குத் தொற்றியிருக்காது. அடுத்தடுத்த பரிசோதனைகளில் தொடர்ந்து 200க்கு மேல் வந்தால்தான் மருந்து ஏன் பிடிக்கவில்லை என்று ஆராய வேண்டும். அந்த இடைவெளியில் மட்டும் ஆணுறையைக் கட்டாயமாக்கினால் போதும்.

ஆன்டாசிட் பற்றி அவர் நினைவில் வைத்திருந்தது நல்லது. அந்த 64க்கு அதுதான் காரணம் என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் அலுமினியமோ மெக்னீசியமோ கலந்த ஆன்டாசிட் டொலுடெகிராவிரைக் குடலிலேயே பிடித்துவைத்து ரத்தத்தில் சேரவிடாமல் செய்வது உண்மை. ஆன்டாசிட் தேவைப்பட்டால், டொலுடெகிராவிரை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான், உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் மட்டும் அவற்றை டொலுடெகிராவிருடன் ஒரே நேரத்தில் எடுக்கலாம். வலிப்பு நோய்க்கான சில மருந்துகளும் காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் இந்த மருந்தின் அளவைக் குறைக்கும் என்பதால், அவர் வேறு எதற்காக எந்த மாத்திரை சாப்பிட்டாலும் அதன் அட்டையை எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பிரெப் தொடங்குவதற்கான உங்கள் ரத்தப் பரிசோதனைகளையும் அன்றே கொடுத்துவிடலாம்.